ஏழாவது கட்டம்

நார்வேயிலிருந்து ஒரு மின்னஞ்சல்.
ஆய்வாளர் பெயர் இங்ரித்.
நாடுகளை வரிசையாக நிறுத்தி
ஓர் அட்டவணை போட்டிருக்கிறாள்:
லட்சம் பேருக்கு எத்தனை சாவு.
உங்கள் எண் ஏன் இவ்வளவு சின்னது என்று
மிக மரியாதையாகக் கேட்கிறாள்.

அல்சூர் வார்டு ஆபீஸ், இரண்டாம் மாடி.
ஜன்னலை மூடினால் மின்விசிறி கத்தும்,
திறந்தால் மெட்ரோ.
என் வேலை பிறப்பு இறப்புப் பதிவு.
அவளுக்கு என்ன எழுதுவது?

வயதிலிருந்து தொடங்கலாம்.
உங்கள் ஊரில் முதியோர் அதிகம்,
எங்களுடையது இளைஞர் தேசம்.
தட்டிவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எண்பதில் சாக வேண்டியவர்கள்
ஐம்பத்தாறிலேயே போய்விட்டார்கள்.
காசநோயில், சாக்கடைக் குழியில்,
சிலர் அதற்கும் முன்னால், இரண்டாவது பிரசவத்தில்.
கிருமி வந்து கதவைத் தட்டியபோது
அந்த வீடுகளில்
கொல்வதற்குக் கிழவர்கள் மிச்சமில்லை.
அழித்தேன்.

வெயில் என்று சொல்லலாம்.
தோளில் இருக்கும் ஊசித் தழும்பு என்று சொல்லலாம்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பேராசிரியர் இருக்கிறார்.
எனக்குத் தெரிந்தது ஏழாவது கட்டம் மட்டும்.

இறப்புக்கான காரணம்.
அகலம் நாலு விரல்.
டாக்டர்கள் அதில் எழுதுவார்கள்: இதயம் நின்றது.
பொய்யில்லை.
யாருக்குத்தான் கடைசியில் நிற்கவில்லை?

அந்த ஏப்ரலில்
கல்பள்ளி மயானத்துப் புத்தகமும் என் புத்தகமும்
ஒரு நாள்கூட ஒத்துப்போகவில்லை.
அங்கே முனிஹனுமய்யா எண்ணியது உடல்களை.
நான் எண்ணியது காகிதங்களை.
ரிப்போர்ட் இருந்தால் நோய்,
இல்லாவிட்டால் மூச்சுத்திணறல்.
யாதகிரியிலிருந்து சென்ட்ரிங் வேலைக்கு வந்தவன் ஒருவன்,
ரேஷன் கார்டு அங்கே, சாவு இங்கே.
அவனை இரண்டு ஊரும் எழுதிக்கொள்ளவில்லை.
மாலைச் செய்தியில் எண்ணை வாசித்தவர்
தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

மூச்சுத்திணறல்களில் ஒன்று
என் கையெழுத்து.
சவரிராஜ், நாற்பத்து நாலு, பம்ப் மெக்கானிக்,
மர்பி டவுன்.
என் தம்பி.

ஏழு ஆஸ்பத்திரி வாசலில்
ஆட்டோவை விட்டு இறங்காமலே இருந்தான்.
பெட் இல்லை என்பதைக் கன்னடத்தில் கேட்டோம்,
இங்கிலீஷில், உருதுவில்,
ஓரிடத்தில் தமிழிலும் சொன்னார்கள், அக்கறையாக.
மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனைக்கு
முடிவு வந்தது, அடக்கம் முடிந்த நாலாம் நாள்,
அவன் போனுக்கே:
பாசிட்டிவ். தனிமையில் இருக்கவும்.

அதற்குள் நான் எழுதிவிட்டிருந்தேன்.
தகரம் அடித்துத் தெருவை மூடிவிடுவார்கள்,
வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார்,
பிள்ளைகளோடு எங்கே போவேன் அக்கா என்று
பாக்கியசீலி என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.
நாலு விரல் அகலத்தில்
அடித்தல் திருத்தல் இல்லாமல்.
இங்ரித், உன் அட்டவணையில்
இந்தியாவுக்கு ஓர் ஆள் குறைந்தது
அங்கேதான்.

பிறகு நிவாரணப் பணம் அறிவித்தார்கள்.
சான்றிதழில் நோயின் பெயர் வேண்டும்.
எந்த வார்த்தைக்குப் பயந்து கதவைச் சாத்தினார்களோ
அதையே எழுதித் தரச் சொல்லி
மாடிப்படி முழுக்க வரிசை.
பாக்கியசீலி பதினேழாவது ஆள்.
அக்கா என்று கூப்பிடவில்லை, மேடம் என்றாள்.
அவன் போனைப் பள்ளிக்கூட ஃபீஸுக்கு விற்றிருந்தாள்,
குறுஞ்செய்தி அதோடு போயிற்று.
ஆதாரம் இல்லாததால் திருத்த இயலாது.
இதை எழுத வேண்டிய நாற்காலியும்
என்னுடையதுதான்.

ஐந்தரைக்குப் பதில் அனுப்பினேன்.
கேட்ட விவரம் இணைப்பில் உள்ளது.
கீழே ஒன்று மட்டும் சேர்த்தேன்:

உங்கள் ஊரில் ஒருவர் வீட்டில் இறந்தால்
அந்தக் கட்டத்தை யார் நிரப்புகிறார்?
செத்தவருக்கு அது சொந்த வீடா,
வாடகையா?